அதிபர் தேர்தல் கார்ட்டூனுக்கு எது தாங்கும்: நிப்பா, பென் டேப்லெட்டா?

அமெரிக்க அதிபர் தேர்தல் எப்போதும் ஐப்பசியில்தான் வரும். நவம்பரின் முதல் திங்கட்கிழமையை அடுத்த செவ்வாய் என்பது அங்கே 1845இல் போட்ட சட்டம். மதுரைக்கு அது அடைமழைக் காலம். இந்தியன் இங்க் காய மறுக்கும், ஐவரி அட்டையின் ஓரம் சுருளும், கரண்ட் எந்த நேரமும் போகலாம். இந்த நிலையில் வாஷிங்டனில் யார் ஜெயித்தார் என்று மறுநாள் காலைப் பேப்பருக்குக் கார்ட்டூன் போட வேண்டியவருக்கு, திரை இல்லாத சின்ன பென் டேப்லெட் எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. கணினியில் மாட்டி, பலகையில் பேனாவால் இழுத்தால் கோடு திரையில் விழும் கருவி இது. கடையில் வெறுமனே 'டேப்லெட்' என்று கேட்டால் ஆண்ட்ராய்டு டேப்பை எடுத்து வைப்பார்கள். பென் டேப்லெட் அல்லது கிராஃபிக்ஸ் டேப்லெட் என்று கேளுங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கிடைக்காவிட்டால் ஆன்லைன்தான்.

ஒப்பிடுவதற்குப் பழைய சரக்கையே எடுத்துக்கொள்வோம்: ஒரு ஜி நிப் (மையில் முக்கி வரையும், அழுத்தினால் விரியும் முனை), அதைச் செருகிப் பிடிக்க ஒரு கட்டை, வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க், ஐவரி அட்டை, ஏ4 ஸ்கேனர். ஸ்கேனரை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சில நூறு ரூபாயில் முடியும். பென் டேப்லெட்டுக்குச் சில ஆயிரம் ஆகும்.

கோட்டின் அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் நிப்தான் முன்னால் நிற்கும். மெலிந்து தொடங்கி, அழுத்தத்தில் தடித்து, மறுபடி மெலிகிற அந்த ஒற்றை இழுப்பை டேப்லெட்டில் கொண்டுவர மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆனால் அதிபர் தேர்தல் கார்ட்டூனில் கழுத்தை நெரிப்பது கோடு இல்லை, கடிகாரம்.

நவம்பரில் நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். கிழக்குக் கரையின் சில மாநிலங்களில் மாலை 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு விடியற்காலை 5.30. கலிஃபோர்னியா முடிக்கும்போது காலை 9.30. முடிவு எப்போது வரும் என்பதற்கு மட்டும் கணக்கே கிடையாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2016இல் டிரம்ப் வெற்றியை அறிவித்தபோது நமக்கு மதியம் 1 மணி. 2024இல் மாலை 4.04. 2020இல் செவ்வாய்க்கிழமை நடந்த தேர்தலுக்கு சனிக்கிழமை இரவு 9.55க்குத்தான் பைடன் பெயர் வந்தது. 2000இல் புஷ், கோர் விவகாரம் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் தொங்கி, உச்ச நீதிமன்றம் வரை போய், 35 நாள் கழித்துத்தான் தீர்ப்பு வந்தது. அன்று இரவு டிவிக்காரர்கள் ஃப்ளோரிடாவை முதலில் கோருக்குக் கொடுத்து, திரும்பப் பெற்று, பிறகு புஷ்ஷுக்குக் கொடுத்து, அதையும் திரும்பப் பெற்றார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1948 நவம்பர் 3ஆம் தேதி 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' சாட்சி. ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தவர் ட்ரூமன். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அந்தப் பத்திரிகை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்பே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தாளை ட்ரூமன் சிரித்தபடி தூக்கிப் பிடித்த போட்டோதான் மிச்சம். கார்ட்டூனிஸ்டுக்கும் இதே கண்டம் உண்டு.

எனவே படம் இரண்டு தலையோடு தயாராக இருக்க வேண்டும். இதில்தான் டேப்லெட் தன் காசைச் சம்பாதிக்கிறது. வெள்ளை மாளிகை வாசல், மேசை, உடம்பு, கோட்டு எல்லாம் ஒரு லேயர் குரூப் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது). ஜெயித்தால் ஒரு தலை, தோற்றால் ஒரு தலை, இரண்டும் தனித்தனி குரூப். மூன்றாவதாக 'இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு படம் கட்டாயம் வேண்டும். 2000த்திலும் 2020இலும் மறுநாள் பேப்பருக்கு அது ஒன்றுதான் தேறியிருக்கும். வசனப் பலூனையும் அந்தந்தத் தலையின் குரூப்புக்குள்ளேயே போடுங்கள். தலையை மாற்றிவிட்டுப் பலூனை மாற்ற மறப்பதுதான் அதிகம் நடக்கிற தப்பு. ஃபைல் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல்2' வேண்டாம். ஜெயித்தவர் பெயரையே வையுங்கள். இரவு பக்கம் கட்டுகிறவர் படத்தை உற்றுப் பார்க்க மாட்டார், பெயரைத்தான் பார்ப்பார்.

இதே வேலையை நிப்பிலும் செய்யலாம். உடம்பை அட்டையில் வரைந்து, தலைகளைத் தனித் துண்டில் வரைந்து, ஓரம் வெட்டி ரப்பர் சொல்யூஷனால் ஒட்டி ஸ்கேன் செய்வது பழைய முறை. ஒட்டிய ஓரம் ஸ்கேனில் நிழலாக விழும். வெள்ளை போஸ்டர் கலரால் அதை மூட வேண்டும். ஐப்பசியில் அதுவும் காயாது.

இனி டேப்லெட்டின் குறைகள். சின்ன வகையில் வரையும் பரப்பு சுமார் 6க்கு 4 அங்குலம். பரவலாகக் கிடைக்கிற ஒரு வகையில் அது 152க்கு 95 மில்லிமீட்டர், அதாவது 16க்கு 10 விகிதம். உங்கள் லேப்டாப் திரை 16க்கு 9. இரண்டையும் அப்படியே பொருத்தினால் கையால் போட்ட வட்டம் திரையில் 11 சதவீதம் அகலமாக வரும். வட்டம் கோழி முட்டையானால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதிபரின் முகம் 11 சதவீதம் அகலமானால், சாயல் ஏன் உட்காரவில்லை என்று தெரியாமலே மணிக்கணக்கில் அழித்து அழித்து வரைந்துகொண்டிருப்பீர்கள். டிரைவர் செட்டிங்கில் விகிதத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் பலகையின் கீழே ஒரு சென்டிமீட்டர் பட்டை வேலை செய்யாது, போகட்டும்.

பேனா அழுத்தத்தை எத்தனை படியாக உணரும் என்கிற அழுத்த நிலை 4096ஆ, 8192ஆ என்று பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். பேப்பர் கார்ட்டூனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பார்க்க வேண்டியது, எவ்வளவு மெல்லிய தொடுதலில் கோடு ஆரம்பிக்கிறது என்பதை. கனமாக அழுத்தினால்தான் கோடு வருகிறது என்றால், டிரைவர் செட்டிங்கில் உள்ள அழுத்த வளைவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் பேனாவை மாற்றிக் கேளுங்கள்.

அழுத்தமே வேலை செய்யாமல் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக விழுந்தால், பத்தில் ஒன்பது முறை காரணம் விண்டோஸ் இங்க் (விண்டோஸிலேயே உள்ள பேனா வசதி) டிரைவரோடு மோதுவதுதான். ஒரு மென்பொருளுக்கு அது வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். வரையும் மென்பொருளில் உள்ள டேப்லெட் செட்டிங்கும் டிரைவரில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டேப்லெட்டின் டிரைவர் உள்ளே இருக்கும்போதே புதியதை ஏற்றாதீர்கள். பழையதை நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகே ஏற்றுங்கள். இதைத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் செய்துவிடுங்கள். எண்ணிக்கை நடக்கும் காலையில் டிரைவர் அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று அமுக்குங்கள்.

பேனாவின் பிளாஸ்டிக் முனை தேயும். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து உளி போல ஆனதும் பலகையில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் கோடு தடுக்கும். வாரம் ஒருமுறை முனையைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சமமாகத் தேயும். காகிதம் போல இருக்கட்டும் என்று மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுகிறவர்கள் உண்டு. பிடிமானம் அருமையாக இருக்கும், முனை மட்டும் பல மடங்கு வேகமாகத் தீரும். யூஎஸ்பி வாய்தான் முதலில் போகும் உறுப்பு. எல் வடிவ முனை உள்ள கேபிள் வாங்கி, வரையாத நேரத்தில் கழற்றாமல் அப்படியே விட்டுவைப்பது நல்லது. சித்திரை வெயிலில் வியர்த்த உள்ளங்கை பலகையில் ஒட்டும். பழைய காட்டன் சாக்ஸின் விரல் பக்கத்தை வெட்டிச் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் மாட்டினால் போதும், கையுறைக்குத் தனியாகச் செலவு வேண்டாம்.

மென்பொருளுக்கு க்ரிட்டா இலவசம், கார்ட்டூனுக்குத் தாராளம். அதில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைக் கொஞ்சமாக வையுங்கள். அதிகமானால் எல்லாக் கோடும் இடியாப்பம் போல ஒரே வழவழப்பாக வரும், டிரம்பின் முடியும் வெள்ளை மாளிகைத் தூணும் ஒரே பொருளால் ஆனவை போலத் தெரியும். தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடத்துக்கு இறக்குங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஐப்பசியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அளவு: பேப்பரில் 15 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமென்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) 3543 பிக்சல். கோட்டுப் படத்துக்கு இது வேண்டும். கலருக்கு 300 டிபிஐ போதும். 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் 600 டிபிஐ கேன்வாஸில் லேயர் கூடக் கூட பேனா பின்தங்கும். முடிந்த லேயர்களை அவ்வப்போது ஒன்றாக்குங்கள். இங்கில் வரைகிறவர் ஒன்றரை மடங்கு பெரிதாக, இருபத்திரண்டரை சென்டிமீட்டரில் வரைவார். ஏ4 ஸ்கேனர் கண்ணாடியின் அகலம் 21 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதால் அட்டையை நீளவாக்கில் வைக்க வேண்டிவரும்.

அச்சு இயந்திரத்தை நினைத்துத்தான் எந்தக் கருவியிலும் வரைய வேண்டும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். 50 சதவீதச் சாம்பல் நிறம் தாளில் 75ஐத் தாண்டிப் போய்விடும். திரையில் அழகாகத் தெரிந்த நிழல் மறுநாள் காலை கரிச்சட்டியாக வரும். சாம்பலை 30க்குள் நிறுத்துங்கள், அல்லது கோட்டு நிழல் போடுங்கள். நாலு கலர் மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கறுப்புக் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நாலு மையையும் கலந்த கறுப்பில் பலூன் எழுத்துப் போட்டால், ப்ளேட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். டேப்லெட்டில் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் வரைந்து கடைசியில் நாலு மை அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது இந்தக் கலந்த கறுப்பு தானாகவே வந்துவிடுகிறது. நிப்பில் வரைந்து ஒற்றைக் கறுப்பில் ஸ்கேன் செய்கிறவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

கோடு மட்டுமே போதும் என்பதற்கு 1975 டிசம்பர் 10ஆம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' இதழில் அபு ஆபிரகாம் போட்ட படத்தைத்தான் இன்றும் காட்ட வேண்டியிருக்கிறது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். தொட்டி, கை, பேனா, தாள். எந்த மட்டமான காகிதத்திலும் அது அச்சாகும்.

தமிழ் எழுத்தில்தான் டேப்லெட்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். யூனிகோடில் அடித்த பலூன் வசனத்தை எழுத்தாகவே அனுப்பினால், பக்கம் கட்டும் கணினியில் பழைய எழுத்துருவோ பழைய மென்பொருளோ இருந்து 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் கணினியிலேயே அது நடக்கும். வசனத்தை லேயரோடு சேர்த்துப் படமாக்கி அனுப்புங்கள். அதைவிடக் கையெழுத்து நல்லது. அச்சில் எழுத்து உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 'ண', 'ணை' சுழிகள் மையில் அடைந்துபோகும். ஆங்கிலக் கார்ட்டூனில் நாலு வார்த்தை பிடிக்கிற பலூனில் தமிழில் இரண்டுதான் பிடிக்கும். வாஷிங்டன், பென்சில்வேனியா போன்ற பெயர்கள் ஒரு பலூனையே விழுங்கிவிடும். தேர்தலுக்கு முன்பே பலூனைப் பெரிதாகப் போட்டு வையுங்கள்.

சின்னங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை. தாமஸ் நாஸ்ட் 1874 நவம்பரில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் யானையைக் கொண்டுவந்தபோது அதன் உடம்பிலேயே 'குடியரசுக் கட்சி வாக்கு' என்று எழுதினார். அவருக்கே லேபிள் தேவைப்பட்டது. மதுரை வாசகருக்கு யானை என்றால் முதலில் மீனாட்சி கோயில் பார்வதி. அரசியல் யானை என்றால் பகுஜன் சமாஜ் சின்னம். இப்போது தமிழக வெற்றிக் கழகக் கொடியில் இரண்டு யானை. 2025 ஆகஸ்டில் மதுரை பாரபத்தியில் அக்கட்சி நடத்திய மாநாட்டுக்குப் பிறகு, இந்த ஊரில் பெயரில்லாத யானையை வரைந்தால் டீக்கடையில் வேறு அர்த்தம்தான் ஓடும். கழுதை இன்னும் சிக்கல்: அங்கே ஒரு கட்சி மார்தட்டிக்கொள்ளும் விலங்கு, இங்கே வசவு. சிவப்பு, நீலமும் அப்படியே. அங்கே சிவப்பு குடியரசுக் கட்சிக்கு என்று நிலைத்ததே 2000 தேர்தலுக்குப் பிறகுதான். இரண்டு முறை தொடர்ந்து மார்க்சிஸ்ட் எம்.பி.யை அனுப்பிய மதுரையில் சிவப்பைக் கண்டால் அரிவாள் சுத்தியல்தான் ஞாபகம் வரும். லேபிள் போடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. டேப்லெட்டில் லேபிளைத் தனி லேயரில் வையுங்கள், கடைசி நேரத்தில் ஆசிரியர் 'வேண்டாம்' என்றால் எடுத்துவிடலாம்.

50 மாநில வரைபடத்தை 15 சென்டிமீட்டரில் வரைய வேண்டாம். ரோட் தீவும் டெலவேரும் மைப் புள்ளியாகிவிடும். மாநிலவாரித் தேர்வாளர் ஓட்டு 538இல் ஜெயிக்க 270 என்ற கணக்கைத் தராசாகவோ மரக்கால் நெல்லாகவோ காட்டுவது மேல். மக்கள் தூக்கிக்கொண்டு போய் வெள்ளை மாளிகையில் உட்காரவைப்பது போல வரைந்தால் தப்பாகிவிடக்கூடும்: 2016இல் ஹிலாரி கிளிண்டன் மக்களிடம் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தேர்வாளர் ஓட்டில் தோற்றார்.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இந்த டேப்லெட் தேவையே இல்லை. அது ஜூலையில் வரும். ஆடிக் காற்றில் இங்க் நொடியில் காயும். எண்ணும் தேதி முன்பே தெரியும், முடிவும் பெரும்பாலும் தெரியும். 2022இல் ஜூலை 18 வாக்குப்பதிவு, 21 எண்ணிக்கை. திரௌபதி முர்முவுக்கு 6,76,803, யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பொதுமக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவது போல வரையாதீர்கள், போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான், நியமன உறுப்பினர்களுக்குக் கூட ஓட்டு இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, இரண்டும் 1971 மக்கள்தொகைக் கணக்கில். எடைக்கல் படத்துக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. பெட்டிக்குப் பக்கத்தில் பேனாவை வரைந்தால் ஊதா மை போடுங்கள், தேர்தல் ஆணையம் கொடுப்பது அதைத்தான்.

நிப் பக்கம் போகிறவர்களுக்கு: புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துத் துடைக்காவிட்டால் மை முத்து முத்தாக உருளும். நிப்பின் துளை வரைக்கும் மட்டும் முக்குங்கள். வாட்டர்ப்ரூஃப் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் அந்தப் பேனா அன்றோடு சரி. கார்ட்ரிட்ஜ் தாளின் நார் நிப்பில் சிக்கிக் கோடு மீசை வைக்கும். ஐவரி அட்டையின் வழவழப்பான பக்கம்தான் சரி. சிவகாசியில் அச்சகத் துண்டு அட்டை கிடைத்தால் மொத்தமாக வாங்கி பாலிதீன் உறையில் கட்டி வையுங்கள், ஈரம் ஏறாது. பென்சிலுக்குப் பதில் வெளிர் நீலப் பென்சிலில் ஸ்கெட்ச் போட்டு, கலரில் ஸ்கேன் செய்து, நீலச் சேனலை மட்டும் எடுத்தால் ஸ்கெட்ச் மறைந்துவிடும். மழை நாளில் ஈர மைமேல் ரப்பர் போடும் ஆபத்து இதோடு ஒழிந்தது.

இரண்டையும் சேர்ப்பதுதான் எங்கள் சிபாரிசு. புரட்டாசியிலேயே, அட்டை காய்ந்திருக்கும்போது, வேட்பாளர்களின் முகங்களை நிப்பில் ஆறேழு பாவனையில் வரைந்து ஸ்கேன் செய்து வையுங்கள். தேர்தல் நாளில் டேப்லெட்டில் உடம்பு, பின்னணி, வசனம். எழுத்து வேலைக்கும் சின்னத் திருத்தத்துக்கும் 6க்கு 4 பலகை தாராளம். முழு உருவத்தையும் அதில் இழுக்கத்தான் மணிக்கட்டு வலிக்கும். வார இதழுக்குக் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரைகிறவர் இதை வாங்க வேண்டாம். போனில் வரைந்து போனிலேயே போடுகிறவருக்கும் தேவையில்லை. சில டேப்லெட்கள் ஓடிஜி (போனில் யூஎஸ்பி கருவியை மாட்டும் இணைப்பு) மூலம் போனில் வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் போனை நிமிர்த்திப் பிடித்தால் பலகையில் ஒரு ஒல்லிப் பட்டைதான் உயிரோடு இருக்கும்.

படத்தை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும். டாக்குமென்ட்டாக டிஃப் அல்லது பிடிஎஃப் அனுப்புங்கள். லேயர் ஃபைலைத் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள். மோடியைச் சங்கிலியால் பிணைத்து டிரம்ப் பக்கத்தில் உட்காரவைத்த கார்ட்டூனுக்காக 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளமே முடக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் மார்ச்சில் திறந்தது. எதை வரைந்தீர்கள், என்ன வசனம் எழுதினீர்கள் என்று யாராவது கேட்கும் நாளில் அசல் கையில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரித்து லேப்டாப்பில் மாட்டச் சொல்லுங்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதைப் பலகையில் வைத்து உள்ளே பேனாவைச் சுற்றுங்கள். திரையில் வளையலாக வர வேண்டும். முட்டையாக வந்தால் செட்டிங்கை மாற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். ஓரங்களிலும் நாலு மூலையிலும் கோடு நடுங்காமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.